தாம்பூலப் பையில் வைத்துக் கொடுக்கப்பட்ட விளம்பரம்

அனுப்புநர்
சு. தனபாலன், எம்.ஏ.,
நடுத்தெரு,
மயிலாப்பூர், சென்னை – 600 004.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சென்னை மாவட்டம்.

பொருள்: நவராத்திரித் தாம்பூலத்தில் வைத்துக் கொடுப்பதற்கென்றே முக கிரீமை இலவசமாக அனுப்பி, வாங்கிய பெண்களிடம் சொல்லாமல் அவர்களை விளம்பரமாக்கிய நிறுவனத்தின் மீதும், அதற்கு இடம் கொடுத்த எங்கள் வீட்டின் மீதும் நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். முறையீடுகளைத் தேதிவாரியாக முதலில் வைக்கிறேன். விளக்கம் அடுத்து வருகிறது.

1. 15.09.2025: ‘மஞ்சள்முற்றம் இயற்கை அழகுப் பொருள்கள்’ என்ற நிறுவனம், என் மகள் சிந்துவுக்கு இரண்டு அட்டைப்பெட்டிகள் நிறைய மஞ்சள் கிரீம் டப்பாக்களை விலையின்றி அனுப்பியது. என் மகள் கோலம், புடவை, சமையல் குறித்து இன்ஸ்டாகிராமில் வீடியோ வெளியிடுபவள். டப்பாவில் சேர்மானங்களின் விவரமோ உற்பத்தி உரிம எண்ணோ இல்லை. ‘நம்ம வீட்டு மஞ்சள்’ என்று மட்டும் அச்சிடப்பட்டிருந்தது.

2. 26.09.2025, நவராத்திரி வெள்ளிக்கிழமை: எங்கள் வீட்டுக் கொலுவுக்கு வந்த பெண்களுக்கு வெற்றிலை பாக்குடன் அந்த டப்பாவும் தாம்பூலமாகக் கொடுக்கப்பட்டது. அது விளம்பரத்துக்காக வந்த பொருள் என்று ஒருவரிடமும் சொல்லப்படவில்லை. அவர்கள் வாங்கியது படம்பிடிக்கப்பட்டது.

3. 28.09.2025: வீடியோ வெளியானது. எங்கள் வீட்டில் வேலை செய்யும் திருமதி தேவானை அவர்களின் மகள் செல்வி சரண்யா, டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு “நல்லாகீதுக்கா!” என்று சிரிப்பதாக அதில் வருகிறது. கிரீமைப் பற்றி அவர் அப்படிச் சொல்லவில்லை.

4. 06.10.2025: கிரீமைப் பூசியதால் கன்னங்கள் இரண்டும் எரிந்து தோல் உரிந்த நிலையில், சரண்யா ராயப்பேட்டை அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார். உரிந்த இடங்கள் இப்போது கருந்திட்டுகளாக உள்ளன. அவை முழுவதும் மறையுமா என்று இப்போதே சொல்ல முடியாது என மருத்துவர் தெரிவித்துள்ளார்.

5. 09.10.2025: என் மகள் தன் பக்கத்திலிருந்து வீடியோவை நீக்கினாள். நிறுவனம் தன் பக்கத்தில் உள்ள பிரதியை நீக்க மறுத்து, இன்றளவும் ஓட்டிக்கொண்டிருக்கிறது.

6. 03.11.2025: சரண்யா புடவைப் பிரிவில் பணிபுரிந்துவந்த தியாகராய நகர் ஜவுளிக்கடை, அனுமதியின்றி வேறொரு நிறுவனத்தின் விளம்பரத்தில் நடித்ததாக அவரிடம் விளக்கம் கேட்டுள்ளது. தகுந்த ஆதாரத்தை 03.12.2025-க்குள் கொண்டுவராவிட்டால் அவர் வேலையில் நீடிக்க முடியாது.

நான் தேனாம்பேட்டையில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். பாலிசியின் கடைசிப் பக்கப் பொடி எழுத்தைக் காட்டிப் பலரைத் திருப்பி அனுப்பியவன். என் வீட்டுக் கூடத்தில் அடுக்கப்பட்டிருந்த டப்பாக்களில் அந்தப் பொடி எழுத்தே இல்லை என்பது என் கண்ணில் படவில்லை.

தாம்பூலத்தில் மஞ்சள் வைப்பது முறை. என் மனைவி ஜெயபாரதி அதற்கென மஞ்சள் கிழங்கு வாங்கி வைத்திருந்தார். “இதுவும் மஞ்சள்தானேம்மா, ரெண்டு எதுக்கு?” என்றாள் மகள். கிழங்கு சமையலறைக்குப் போயிற்று. டப்பா பைக்குள் போயிற்று. கடை வாசலில் ஒருவர் இதே டப்பாவை இலவசமாக நீட்டியிருந்தால், எங்கள் தெருப் பெண்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நூறு கேள்வி கேட்டிருப்பார்கள். குங்குமத்தோடு வந்ததை யாரும் மறுப்பதில்லை. கொடுத்தவர் முன்னால் பையைப் பிரித்து ஆராய்வதும் இல்லை. இந்த மரியாதையைத்தான் நிறுவனம் குறிவைத்தது. என் ஊகமாக இதைச் சொல்லவில்லை. நிறுவனப் பிரதிநிதி விக்கி என்பவர் என் மகளுக்கு அனுப்பிய குரல் செய்தியை அவர் பேசியபடியே தருகிறேன்:

“சிந்து, விளம்பரம்னு மட்டும் எங்கயும் போட்றாதீங்க, மொத்தமும் செத்துரும். தாம்பூலம் குடுக்கற ஷாட்தான் நமக்கு மெயின். மஞ்ச குங்குமத்தோட கையில குடுத்தா யாரு வேணாம்பாங்க, நீங்களே சொல்லுங்க!”

ஒருவர் வேண்டாம் என்றார். கடை முடிந்து தாயாருடன் வந்த சரண்யா பையைப் பார்த்துவிட்டு, “கிரீம்லாம் எனக்கு ஒத்துக்காதுக்கா, வெத்தல பாக்கு மட்டும் குடு, போதும்” என்றார். கூடத்தில் நாற்காலியில் அமர்ந்திருந்த நான், “தாம்பூலத்துல வெச்சத வேணாம்னு சொல்லக் கூடாதும்மா, எடுத்துக்க” என்றேன். அந்த நிறுவனத்துக்காக அன்று பேசப்பட்ட மிகச் சிறந்த விற்பனைப் பேச்சு என்னுடையதுதான். அதற்காக எனக்கு அவர்கள் ஒரு டப்பாகூடத் தர வேண்டியிருக்கவில்லை.

பிறகு அவருக்குச் சுண்டல் கொடுத்தோம். எப்படி இருக்கிறது என்று கேமராவைப் பிடித்தபடி என் மகள் கேட்டாள். “நல்லாகீதுக்கா! தேங்கா கொஞ்சம் தூக்கலா போட்டுக்கீறீங்க” என்பது சரண்யாவின் முழுப் பதில். என் மகள் அனுப்பிய பதிவிலிருந்து தேங்காயை வெட்டி எறிந்துவிட்டு முதல் சொல்லை மட்டும் டப்பாவின் மேல் ஒட்டவைத்தது நிறுவனம். அப்படி ஒட்டவைக்கப்பட்டதைப் பார்த்த பின்பும் வெளியிட்டது என் மகள்.

ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தும் ஏன் பூசினாய் என மருத்துவர் கேட்டபோது சரண்யா சொன்ன பதிலை, உடன் சென்ற என் மனைவி கேட்டார்: “டெய்லி அம்மாகிட்ட கேட்டுக்கினே இருந்தாங்க டாக்டர், போட்டாளா போட்டாளான்னு. வேலை செய்ற வூடு. எத்தினி நாளு இல்லன்னு சொல்றது?”

நிறுவனத்துக்கு நான் எழுதிய கடிதத்துக்கு, “அனுப்பப்பட்டது அன்பளிப்பு மட்டுமே, பணம் எதுவும் வழங்கப்படாததால் இது விளம்பரம் ஆகாது” என்று பதில் வந்தது. அன்பளிப்பு என்றால் கொடுத்ததோடு கொடுத்தவரின் வேலை முடிந்துவிடும். எந்தக் கோணத்தில் படம்பிடிக்க வேண்டும், எந்தச் சொல்லை எழுதக் கூடாது என்று கூடவே உத்தரவு வந்தால் அதற்கு வேறு பெயர். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் வெளியிடப்பட்ட நெறிமுறைகள், இலவசமாகப் பொருள் பெறுவதையும் பார்வையாளருக்குத் தெரிவிக்க வேண்டிய தொடர்பாகவே கொள்கின்றன என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

விஷயம் தெரிந்த மறுநாள் முதல், கொடுத்த டப்பாக்களைத் திருப்பித் தரச் சொல்லி நானும் மனைவியும் வீடு வீடாகச் சென்றோம். எதிர்வீட்டு அம்மையார் டப்பாவை எடுத்து வந்து கொடுத்துவிட்டு, “ஏண்டி ஜெயா, வெச்சுக் குடுத்த தாம்பூலத்தத் திருப்பிக் கேட்டுண்டு வந்தது இந்தத் தெருவிலேயே நீங்கதாண்டி மொதல்” என்றார். கேலியாகத்தான் சொன்னார். என் மனைவி அதன்பின் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

தேவானை அவர்கள் வழக்கம்போல வேலைக்கு வருகிறார். எங்களைத் திட்டவில்லை. தீபாவளிக்குப் புடவையும் பலகாரமும் தட்டில் வைத்து நீட்டியபோது மட்டும், “வேணாம்மா, அப்பால பாத்துக்கலாம்” என்று தட்டைத் தொடாமல் பாத்திரம் துலக்கப் போனார். அப்பால் என்று ஒரு நாள் இதுவரை வரவில்லை.

கடையில் சரண்யாவைப் புடவைப் பிரிவிலிருந்து குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். உடன் பணிபுரிவோர் அவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை, “நல்லாகீதுக்கா, இந்தக் கட்ட எடு!” என்கிறார்கள். நடந்ததை எழுதிக் கையொப்பமிட்டுக் கடை மேலாளரிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு மரியாதையாகவே கேட்டார்: “வீடியோ எடுத்த வீடே உங்க வீடுதானே சார்? நீங்க குடுக்கற லெட்டர வெச்சு நான் ஓனர்கிட்ட என்னன்னு சொல்ல? கவர்ன்மென்ட்ல இருந்து ஏதாவது வாங்கிட்டு வாங்க.” அவர் கேட்டதில் தவறில்லை. என் கையெழுத்துக்கு மதிப்பில்லாமல் செய்தது நானேதான்.

ஆகவே கோருவன:

அ) நாங்கள் திரும்பப் பெற்ற டப்பாக்களை முத்திரையிட்டுப் பெற்றுக்கொண்டு, அரசு ஆய்வகத்தில் சோதனை செய்ய உத்தரவிட வேண்டும்.

ஆ) நிறுவனத்தின் பக்கத்தில் ஓடும் வீடியோவை உடனே நிறுத்த வேண்டும். மார்கழிக் கச்சேரிகளுக்கு வரும் பெண்களுக்கும் இதே முறையில் டப்பா வழங்க இருப்பதாக விக்கி என் மகளிடம் கூறியுள்ளார். அதையும் தடுக்க வேண்டும்.

இ) சரண்யாவின் சிகிச்சைக்கு நிறுவனமும் நாங்களும் பொறுப்பேற்க வேண்டும் என ஆணையிட வேண்டும். எங்கள் பங்கை நாங்கள் மறுக்கவில்லை.

ஈ) இணைக்கப்பட்டுள்ள வெட்டப்படாத பதிவைப் பார்வையிட்டு, செல்வி சரண்யா எந்த விளம்பரத்திலும் நடிக்கவில்லை, எதையும் பெற்றுக்கொண்டு பேசவில்லை, அவர் பாராட்டியது சுண்டலை என்று எழுத்துப்பூர்வமாகப் பதிவு செய்ய வேண்டும். இப்படி ஒரு வாக்கியத்தை அரசு அலுவலகக் கடிதத்தில் எழுதச் சொல்வது விந்தையாகத் தோன்றலாம். ஒரு பெண்ணின் வேலை அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது.

உ) நிறுவனத்தை முதல் எதிர்மனுதாரராகவும், என் மகள் சிந்துவை இரண்டாம் எதிர்மனுதாரராகவும் சேர்க்க வேண்டும். இம்மனுவின் முதல் வரைவில், அவள் அறியாமல் செய்துவிட்டாள் என்று எழுதியிருந்தேன். படித்த என் மகள் ‘அறியாமல்’ என்ற சொல்லைத் தானே அடித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். நான் அதை மீண்டும் எழுதவில்லை.

கடை கொடுத்துள்ள கெடு 03.12.2025 அன்று முடிகிறது. எனவே தங்கள் பதில் 01.12.2025-க்குள், அலுவலக முத்திரையுடன், தமிழில், எழுத்து வடிவில் கிடைக்க வேண்டும். மனு பரிசீலனையில் உள்ளது என்ற கடிதத்தை அந்த மேலாளரிடம் காட்ட முடியாது. தொலைபேசியில் சொல்லப்படும் ஆறுதலையும் காட்ட முடியாது. பதிலை விரைவு அஞ்சலில் சைதாப்பேட்டையில் உள்ள சரண்யாவின் முகவரிக்கு நேரடியாக அனுப்பக் கோருகிறேன். முகவரி இணைப்பில் உள்ளது. எனக்கு நகல் தாமதமாக வந்தாலும், வராமலே போனாலும் அதைப் பற்றி முறையிட மாட்டேன். என் வீட்டிலிருந்து இன்னொரு பொருளைக் கையில் வாங்கிக்கொள்ளும் நிலையில் அவரை வைக்க நான் விரும்பவில்லை.

இப்படிக்கு,
சு. தனபாலன்

இடம்: மயிலாப்பூர்
நாள்: 10.11.2025

இணைப்பு: வெட்டப்படாத வீடியோ பதிவு, விக்கி அனுப்பிய குரல் செய்தி, நிறுவனத்தின் பதில், செல்வி சரண்யாவின் ஒப்புதலுடன் மருத்துவச் சீட்டின் நகல், ஜவுளிக்கடை விளக்கம் கேட்ட கடிதத்தின் நகல், செல்வி சரண்யாவின் முகவரி.