கேட்டுச் சொல்லுறன்

14.6.1976
நீலச் சேலையா பச்சையா என்று கேட்க அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா முழுகிக்கொண்டிருந்தா. கிணற்றடியில் காத்து நின்றேன். பச்சை என்றா. அதற்குள் பஸ் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை என்னைப் பார்த்து, "தையல் ரீச்சர் நாளைக்கெண்டாலும் வேளைக்கு வருவாவோ?" என்று கேட்டா. "கேட்டுச் சொல்லுறன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். எல்லா ரீச்சர்மாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

15.6.1976
முப்பத்திரண்டு வயதில் அக்காவைக் கேட்கிறதில் என்ன பிழை? அம்மா செத்தபோது எனக்கு ஆறு வயது. வளர்த்தது கமலாவதி அக்கா. சீதனமாக வந்த இந்த வீடும் அக்காவின் வளவுக்குள்தான் இருக்கிறது. கோப்பாயில் என்னைப்போல அடக்கமான பெண் இல்லையாம், ஊரே சொல்கிறது. இவர் மட்டும், "நான் கலியாணம் முடிச்சது உன்னையோ, கொக்காவையோ?" என்கிறார்.

நல்ல கேள்வி. அக்காவைத்தான் கேட்க வேண்டும்.

2.7.1976
மகளின் பிள்ளைப்பேறு பார்க்க அக்கா கொழும்புக்குப் போய்விட்டா. ஒரு மாதமாம்.

5.7.1976
நெஞ்சடைக்குது. கை நடுங்குது. என்ன கறி வைக்கிறதெண்டு தெரியேல்லை. அதுக்குப் போய் அழுதன், வெக்கங்கெட்டவள். இவர் பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இருதயம் நல்லாயிருக்காம். மன வருத்தம் பார்க்கிற டொக்டருக்குத் துண்டு எழுதித் தந்துவிட்டார்கள். கடவுளே, தெரிந்த ஆட்கள் யாரும் கண்டால்!

13.7.1976
டொக்டர் நல்ல மனுசன், ஆனால் கேள்வி கேட்கிறார்.

"அக்காவைக் கேளாமல் ஒண்டைச் செய்தால் என்ன நடக்கும்?"

"அக்கா கோவிப்பா."

"கோவிச்சால்?"

"கதைக்கமாட்டா."

"கதைக்காட்டில்?"

அதற்குப் பிறகு என்ன என்று நான் யோசித்ததே இல்லை.

வருத்தத்துக்குப் பெயர் 'தங்கி நிற்கிற ஆளுமை'. கைவிட்டுவிடுவார்களோ என்ற பயம்தான் அடி வேராம். பெயரைக் கேட்டால் கலியாணத் தரகர் பெண்ணைப் புகழ்கிற மாதிரி இருக்கிறது. விழுங்குகிற குளிசை பெரிதாக உதவாதாம். ஒவ்வொரு நாளும் ஒரு சின்ன முடிவு யாரையும் கேளாமல் எடுக்க வேண்டும். பயம் வந்தால் வரட்டும், அது தானாகத் தணியுமட்டும் இருந்து பார்க்க வேண்டும். அதுதான் மருந்து.

"எந்த விசயத்திலை எடுக்கிறது, டொக்டர்?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அதுதான் முதல் முடிவு" என்றார்.

4.8.1976
அக்கா வந்துவிட்டா! எனக்கு அந்த வருத்தம் இருக்கிறதோ என்று கேட்டேன். இல்லை என்றா. பெரிய நிம்மதி.

19.8.1976
அக்கா கத்தரிக்காய் வை என்றா. டொக்டர் சொன்ன சின்ன முடிவு இதுவாக இருக்கட்டும் என்று நான் முருங்கைக்காய் வைத்தேன்.

"ஆர் சொன்னது?"

"நானாத்தான்..."

அக்கா கறிச்சட்டியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, போய்விட்டா.

21.8.1976
இன்னமும் கதைக்கவில்லை. இரண்டு தரம் அக்கா வீட்டுப் படலை வாசல் வரைக்கும் போய்த் திரும்பினேன். நான் சாகவில்லை. இதை டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

10.10.1976
சேலை, கறி, பஸ் எல்லாம் இப்போது என் முடிவுதான். எனக்கு நித்திரை வருகிறது. அக்காவுக்குத்தான் வருவதில்லை. நெஞ்சடைக்கிறதாம், கை நடுங்குகிறதாம். டொக்டரிடம் சொன்னேன். "அவவையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்கோவன்" என்றார். அக்காவிடம் சொன்னேன்.

"எனக்கென்ன விசரோ? நீ திரும்ப ஒழுங்காயிருந்தால் எனக்குச் சுகம் வரும்."

இரண்டு வைத்தியருக்கு நடுவில் நான்.

28.11.1976
இவர் படிப்பிக்கிற உடுப்பிட்டியில் வாடகை வீடு கிடைத்திருக்கிறது. தையிலே போகிறாராம்.

"நீ வாறியோ, இல்லையோ? கொக்காவைக் கேளாமல் சொல்லு. வராட்டிலும் நான் போறதுதான். இந்த வளவுக்குள்ளை நான் ஒரு விருந்தாளி."

குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. இந்த மனுசன் என்னை விட்டிட்டுப் போயிடுவார்.

7.12.1976
டொக்டரிடம் கேட்டேன், போகவோ விடவோ என்று.

"நான் சொன்னால் அக்கா இருந்த கதிரையிலை நான் இருப்பன். வேறென்ன?"

எல்லாரும் சொல்லுற ஊரிலை, கேட்டும் சொல்லாத ஒரே ஆள் இந்த டொக்டர்! வழி நெடுகத் திட்டிக்கொண்டு வந்தேன். திட்டி முடிந்தபோது எனக்கு ஒன்று தெரிந்தது: என் புருசனோடு இருக்க எனக்கு விருப்பம். யாரும் சொல்லித் தரவில்லை.

9.1.1977
"அக்கா, நான் உடுப்பிட்டிக்குப் போறன்."

"ஆரைக் கேட்டு?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை."

உடுப்பிட்டி கடல் கடந்த தேசம் இல்லை, பஸ் ஏறினால் வந்துவிடலாம் என்றேன். அக்கா கேட்டதாகத் தெரியவில்லை. அரிவாளில் பாதி வெட்டின வாழைக்காயோடு இருந்தபடி, "அப்ப நான் என்னடி செய்யிறது?" என்றா.

இத்தனை வருசத்தில் அக்கா என்னிடம் யோசனை கேட்டது இன்றைக்குத்தான். பக்கத்தில் இருந்து இரண்டு பேரும் அழுதோம்.

22.3.1977
உடுப்பிட்டியில் எனக்கு மாற்றம் கிடைத்த பள்ளிக்கூடம் பஸ் போகாத ஒழுங்கைகளுக்குள்ளே நல்ல தூரம். நேற்று ஒரு லேடீஸ் சைக்கிள் வாங்கினேன், என் சம்பளத்தில். இவர் பார்த்துச் சந்தோசப்படுவார் என்று முற்றத்தில் நிறுத்தினேன். இரண்டு தரம் சுற்றிப் பார்த்தார்.

"என்னை ஒரு சொல் கேட்டிருக்கலாமே?"

"இல்லை, கேக்கேல்லை."

"கொக்கா எண்டால் கேட்டிருப்பாய், என்ன?"

சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அக்காவைக் கேட்கிறதுதான் இவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்திருந்தேன். இவரைக் கேட்காததுதான் பிடிக்கவில்லை போல.

விடிந்தும் கதைக்கவில்லை. எனக்கு நெஞ்சடைத்தது, பொய் சொல்லவில்லை. அடைத்த நெஞ்சோடேயே சைக்கிளை உருட்டிக்கொண்டு படலையைத் திறந்தேன். பள்ளிக்கூடத்துக்கு மணி அடிக்க முன்னம் போய்ச் சேர்ந்துவிட்டேன்.