சத்து மாத்திரை, தினம் ஒன்று

12 ஜனவரி 2016

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம், என் தலையைத் தவிர. இந்தக் கடிதம் உன் அக்காவுக்குத் தெரியாமல் அலுவலக மேஜையில் எழுதப்படுகிறது. பதிலும் அலுவலக முகவரிக்கே வரட்டும். கைபேசி எங்கள் வீட்டில் பொதுச் சொத்து. சத்தம் கேட்டால் யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் எடுத்து உரக்கப் படிப்பது வழக்கம்.

விஷயம் இதுதான். எங்கள் காப்பீட்டு அலுவலகத்தில் கேமரா வைத்திருக்கிறார்கள். போன வாரம் யாரோ ஒருவர் குடையைத் தொலைத்தார் என்று முதல் நாள் பதிவை ஓட்டிப் பார்த்தார்கள். என் நாற்காலியில் உச்சி வழுக்கையான ஒரு கிழவர் உட்கார்ந்து, விண்ணப்பங்களில் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். “யாரு சார் இது, என் சீட்டுல?” என்று கேட்டேன். மேலாளர் நல்ல மனிதர். திரையை அணைத்துவிட்டார்.

ஐம்பத்து நாலு வருடம் கண்ணாடியில் முன்பக்கத்தை மட்டும் பார்த்து ஏமாந்திருக்கிறேன். தோல் டாக்டரிடம் போனேன். ஃபினாஸ்டிரைடு, ஒரு மில்லிகிராம், தினம் ஒன்று. சீட்டை இணைத்திருக்கிறேன், உன் மருந்துக்கடையிலிருந்தே வரட்டும்.

உன் அக்காவிடம் சொல்ல முடியாது. உன் சின்ன அக்கா வீட்டுக்காரர் விக் வைத்துக்கொண்டு வந்த அன்று, மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டவன் நான். சகலை அதன் பிறகு நம் வீட்டுப் படி ஏறவில்லை. இப்போது நானே முடிக்கு மருந்து சாப்பிடுகிறேன் என்றால் உன் அக்கா சும்மா இருப்பாளா?

ஆகவே அட்டையிலிருந்து மாத்திரைகளைப் பிரித்து, ஒரு பாட்டிலில் போட்டு, மேலே உன் கையால் “சத்து மாத்திரை” என்று எழுதி அனுப்பு. உங்கள் அம்மா போன பிறகு உனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவள் உன் அக்கா. உலகத்தில் எதைச் சந்தேகப்பட்டாலும் உன் கையெழுத்தைச் சந்தேகப்பட மாட்டாள்.

இப்படிக்கு,
முன்பக்கம் மட்டும் அழகான உன் அத்தான்


20 ஜனவரி 2016

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. கடையில் யாரும் இல்லாத நேரத்தில் சிரித்து முடித்துவிட்டு எழுதுகிறேன்.

இந்தத் தொழிலில் இருபத்திரண்டு வருடமாக நான் மீறாத விதி ஒன்று உண்டு: மாத்திரையை அதன் பெயரிலிருந்து பிரிக்கக் கூடாது. இன்று பிரித்தேன். மருந்தாளர் தேர்வில் நான் மூன்று முறை தோற்றபோது “நாலாவதுக்கும் படிடா” என்று உட்கார வைத்தவர் கேட்கும்போது எப்படி மறுப்பது? பாட்டில்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று தீர்வதற்குள் அடுத்தது வரும்படி எப்போதும் இரண்டாக அனுப்புகிறேன்.

லேபிளில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன். பலன் தெரிய ஆறு மாதம் ஆகலாம். நிறுத்தினால் வந்த முடி போய்விடும். சிலருக்குப் படுக்கையில் ஆர்வம் குறையும், சிலருக்கு மனது இருண்டுபோகும். அப்படி ஏதாவது தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். வீரம் காட்ட வேண்டாம். சாப்பிடும் காலத்திலும், நிறுத்திய பிறகு ஒரு மாதம் வரையிலும், ரத்ததானம் செய்யக் கூடாது. அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போய்ச் சேரலாம். வயிற்றில் இருப்பது ஆண் குழந்தை என்றால் அதன் உறுப்பு வளர்ச்சியை இந்த மருந்து கெடுக்கும். பெண்கள் இதைச் சாப்பிடவே கூடாது. கர்ப்பமானவர்கள் உடைந்த மாத்திரையைத் தொடவும் கூடாது. உங்கள் பெண்ணுக்கு இப்போதுதான் கல்யாணம் ஆகியிருக்கிறது, ஞாபகம் இருக்கட்டும்.

கடைசியாகச் சொல்வதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். உங்கள் ஆண்டுப் பரிசோதனையில் பிராஸ்டேட் சுரப்பிக்கென்று ஒரு ரத்தப் பரிசோதனை செய்வார்கள். பி.எஸ்.ஏ. என்பார்கள். அதில் வரும் எண்ணை இந்த மாத்திரை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துக் காட்டும். எண் குறையும், நோய் குறையாது. ஆகவே எந்த டாக்டர் பார்த்தாலும் இதைச் சாப்பிடுவதாகச் சொல்லிவிடுங்கள். அக்காவிடம் மறைக்கலாம். டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

அன்புடன்,
உங்கள் மைத்துனன்


3 அக்டோபர் 2016

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வெற்றி. உச்சியில் புல் முளைத்திருக்கிறது. மேலாளர் அறைக்குத் தேவையில்லாத கோப்புகளோடு தினம் இரண்டு முறை போய்வருகிறேன். திரையில் அந்தக் கிழவர் இளமையாகிவருகிறார்.

ரத்ததான முகாமில் பதினெட்டு வருடமாக முதல் ஆள் நான். சுவரில் படம்கூட மாட்டியிருக்கிறார்கள். இந்த வருடம் பல்வலி என்று தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தட்டச்சு அம்மாள் என் தலையைப் பார்த்து, “பல்லுல இருந்த சத்தெல்லாம் மேல ஏறிடுச்சு போல சார்” என்றாள். ஒரு மாதிரிப் பெண். இவளுக்கு எதிரில் எதையும் பேசக் கூடாது.

அலுவலகத்தில் ஆண்டுப் பரிசோதனையும் முடிந்தது. நீ சொன்ன எண் 2.7. நாலுக்குக் கீழே இருந்தால் கவலையில்லையாம். டாக்டரிடம் மாத்திரை பற்றிச் சொன்னேன். தலையாட்டினார். போதுமா?

மற்றபடி இரவில் சீக்கிரம் தூக்கம் வந்துவிடுகிறது. வயது.

அடுத்த பாட்டில்களை அனுப்பு.

உன் அத்தான்


15 அக்டோபர் 2016

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

டாக்டரிடம் சொன்னதில் நிம்மதி.

அக்கா நேற்று கூப்பிட்டாள். நீங்கள் சிரிப்பதே இல்லையாம். பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து போகிறீர்களாம், ஆனால் கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் நிற்கிறீர்களாம். “ரெண்டையும் கூட்டிப் பாருடா, என்ன வருது?” என்று கேட்டாள். அவள் கூட்டலில் வேறொரு பெண் வந்திருக்கிறாள். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

அத்தான், இது வயது மட்டுமாக இருக்காது. மருந்தாகவும் இருக்கலாம். கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்கள். அல்லது அவளிடம் உண்மையைச் சொல்லுங்கள். ஒரு வாரம் கேலி செய்வாள். ஒரு வாரம்தானே?

பாட்டில்கள் அனுப்பியிருக்கிறேன். அனுப்பாமல் இருக்க வேண்டும் என்று நினைத்து, மூன்று நாள் கழித்து அனுப்பினேன். அதுதான் என் வீரம்.

உங்கள் மைத்துனன்


9 மார்ச் 2018

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முதுகுவலி. நாலு மாதமாக இருக்கிறது. நாற்காலியை மாற்றிப் பார்த்தேன், மெத்தையை மாற்றிப் பார்த்தேன். முதுகைத்தான் மாற்றவில்லை.

உன் அக்கா விடவில்லை, பெரிய மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். வீட்டில் சாப்பிடும் எல்லா மருந்தையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்களாம். அவளைத் தெரியுமே. அலமாரியையே பையில் கவிழ்த்துக்கொண்டு வந்திருந்தாள். தைலம், இருமல் மருந்து, எனக்கே தெரியாத என் கண் சொட்டு மருந்து, அதோடு உன் பாட்டில். டாக்டர் ஒவ்வொன்றாகப் படித்து எழுதிக்கொண்டார். உன் பாட்டிலை எடுத்தபோது எனக்கு வேர்த்துவிட்டது. லேபிளைப் பார்த்தார். “சத்து மாத்திரையா? நல்லது, தொடர்ந்து சாப்பிடுங்க” என்றார். உன் அக்கா பெருமையாக, “என் தம்பி கொடுக்கிறது டாக்டர், சொந்தக் கடை” என்றாள்.

பிழைத்தேன். போன வருடப் பரிசோதனைக்கு நான் போகவில்லை, இந்த முறை அந்த பி.எஸ்.ஏ. எண் 3.6. தசைப்பிடிப்புதான் என்று உடற்பயிற்சி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

உன் அத்தான்


13 மார்ச் 2018

அத்தான்,

நேற்று இரண்டு முறை கூப்பிட்டேன், “மீட்டிங்” என்று வைத்துவிட்டீர்கள். காப்பீட்டு அலுவலகத்தில் மதியம் இரண்டு மணிக்கு மீட்டிங் நடந்ததாகச் சரித்திரம் இல்லை.

3.6 என்பது 3.6 அல்ல. இரட்டித்தால் ஏழுக்கு மேல். ஒன்றரை வருடம் முன்பு வந்த 2.7-உம் அப்படித்தான், அன்றைக்கே ஐந்தைத் தாண்டியிருக்கிறது. நீங்கள் உண்மையிலேயே சொல்லியிருந்தால் அந்த டாக்டர் தலையாட்டியிருக்க மாட்டார், அடுத்த பரிசோதனைக்கு எழுதியிருப்பார். இதை அன்றே கேட்டிருக்க வேண்டியவன் நான். நிம்மதி என்று எழுதிவிட்டுக் கடையைப் பார்க்கப் போய்விட்டேன்.

இது கையில் கிடைத்ததும் அதே மருத்துவமனைக்குப் போங்கள். “ரெண்டு வருஷமா ஃபினாஸ்டிரைடு சாப்பிடறேன்” என்று சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியம் போதும். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லவில்லை என்றால் நான் புறப்பட்டு வந்து அக்கா எதிரிலேயே சொல்வேன்.

மைத்துனன்


2 ஏப்ரல் 2018

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

போனேன். சொன்னேன். ஊசி குத்திச் சதைத் துணுக்கு எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். பிராஸ்டேட்டில் தொடங்கி முதுகெலும்பில் வந்து உட்கார்ந்திருக்கிறது. முதுகுவலிக்குக் காரணம் நாற்காலி இல்லை என்பது மட்டும் உறுதியாகிவிட்டது.

மாத்திரையால் வந்ததா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, ஆனால் அது மறைத்துவிட்டது என்றார்கள். ஒன்றரை வருடம் முன்பே தெரிந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அலுவலகப் பரிசோதனையில் டாக்டரிடம் சொன்னேன் என்று எழுதியது பொய். வரிசையில் எனக்குப் பின்னால் தட்டச்சு அம்மாள் நின்றிருந்தாள். “வேற மாத்திரை ஏதாவது?” என்று கேட்டார்கள். “இல்லை” என்றேன். முப்பது வருடமாக என் வேலை என்ன தெரியுமா? நோயை மறைத்து விண்ணப்பித்தவர்களைக் கண்டுபிடித்து, கோப்பின் மேல் “உண்மை மறைக்கப்பட்டது” என்று சிவப்பு முத்திரை குத்துவது. விதவைகள் எதிரில் அழுதிருக்கிறார்கள். விதி என்றால் விதி என்று சொல்லியிருக்கிறேன். என் கோப்பு என் மேஜைக்கு வந்தால் அரை நிமிடத்தில் குத்திவிடுவேன்.

உன் அக்காவுக்கு நோய் தெரியும், மாத்திரை தெரியாது. தெரியவும் வேண்டாம். அந்த டாக்டரிடமும் கேட்டுக்கொண்டேன். லேபிளில் இருப்பது உன் கை. அவளுக்குப் புருஷன் போகப்போகிறான். தம்பியும் போக வேண்டாம். சத்தியம் செய்து ஒரு வரி எழுது. பாட்டிலை அலுவலகக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் புற்றுநோய் மருந்தை நரம்பில் ஏற்றுகிறார்கள். முடி கொட்டுமாம். ஒரு மருந்து கொடுத்ததை இன்னொரு மருந்து வாங்கிக்கொள்கிறது. கணக்கு சரி.

உன் அத்தான்


6 ஏப்ரல் 2018

அத்தானுக்கு,

சத்தியம்.


17 நவம்பர் 2018

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

சத்தியத்தை மீறிவிட்டேன். அக்கா உங்களிடம் வருவதற்குள் இது வந்து சேர வேண்டும் என்று ஆளிடம் கொடுத்து அனுப்புகிறேன். மருத்துவமனைக் கட்டிலில் உங்கள் கையிலேயே தரச் சொல்லியிருக்கிறேன்.

இன்று காலை அவள் கூப்பிட்டாள். உங்கள் பெண் வந்திருக்கிறாளாமே, நாலாம் மாதம். உங்களைப் பார்த்துப் பார்த்து அவளும் சாப்பிடுவதில்லையாம். அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“அத்தானோட ஷேவிங் டப்பாவுக்குப் பின்னாடி நீ குடுத்த சத்து மாத்திரை ஒரு பாட்டில் பிரிக்காம இருக்குடா. இவ துரும்பா இருக்கா. டாக்டர் குடுத்தது குமட்டுதுங்கிறா. நீ குடுத்ததுன்னா பயமில்லாம குடுக்கலாம். ஒண்ணு போதுமா, ரெண்டு குடுக்கட்டுமா?”

நீங்கள் ஒரு பாட்டிலைத்தான் குப்பையில் போட்டிருக்கிறீர்கள். நான் எப்போதும் இரண்டாக அனுப்பியிருக்கிறேன்.

“குடுக்காதக்கா. அது சத்து மாத்திரை இல்ல” என்றேன். கேமராவிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். பெண் ஒரு மாத்திரைகூடச் சாப்பிடவில்லை, பாட்டிலின் மூடி திறக்கவில்லை என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

முடித்த பிறகு அவள் கேட்டது ஒன்றுதான். “லேபிள்ல இருக்கிறது உன் கையெழுத்துதானே?”

“ஆமாக்கா.”

“அன்னிக்கு அந்த டாக்டர் கையில பாட்டிலை எடுத்துக் குடுத்தது நான்டா.”

அதற்குப் பிறகு ஃபோனை வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. கடையை மூடிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நான் வரலாமா என்று அவளிடம் கேட்டு எழுதுங்கள்.

உங்கள் மைத்துனன்


1 டிசம்பர் 2018

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கை நடுங்குகிறது, அதனால் உன் அக்கா எழுதுகிறாள். இத்தனை வருடத்தில் நான் உனக்கு வீட்டு ஆளுக்குத் தெரிய எழுதும் முதல் கடிதம் இது.

நீ செய்தது சரி. நான் கேட்ட சத்தியம்தான் தப்பு. உன் மேல் குற்றமில்லை, நான் கேட்டதைத்தான் நீ செய்தாய் என்று எழுதச் சொன்னேன். எழுதினாளா என்று தெரியாது. மூக்குக்கண்ணாடி வீட்டில் இருக்கிறது.

தலை இப்போது முட்டை மாதிரி இருக்கிறது. உன் அக்கா தினமும் துணியை நனைத்துத் துடைத்துவிடுகிறாள். ஒரு கேலி வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

நீ வரலாமா என்று கேட்டேன். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அத்தான்


மருந்துக்கடைக்காரர் அவர்களுக்கு,

மேலே இருப்பது அவர் சொன்னது. ஒரு சொல்லும் விடாமல் எழுதியிருக்கிறேன்.

மீதியிருந்த பாட்டிலை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். லேபிளில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, உள்ளே இருப்பதன் பெயரையும், யார் தொடக் கூடாது என்பதையும், டாக்டரிடம் சொல்ல வேண்டியதையும் எழுதி ஒட்டியிருக்கிறேன். மருந்தின் பெயரை என் பெண் எழுத்துக்கூட்டிச் சொன்னாள். சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
நோயாளியின் மனைவி