கஞ்சியில் நான் கலந்தது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் வலது முட்டியைத் தவிர, அது எந்தக் காலத்தில் சௌக்கியமாக இருந்தது. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று வழக்கமாகக் கேட்பேன், போன மாதம் வரை அதைக் கேட்கும்போதே எனக்கு வயிறு எரியும், அதைப் பார்த்துக்கொள்ளத்தான் உனக்கு அங்கே ஒரு ஆள் இருந்தாரே. இப்போது நிஜமாகவே தெரியாமல் கேட்கிறேன், சாப்பிடுகிறாயா? மூன்று நாளாகப் போனில் சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன், உன் குரலைக் கேட்டதும் தண்ணீர்க் குழாய், பக்கத்து வீட்டுப் பூனை என்று எதையெதையோ பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம். இதை உட்கார்ந்து படி, ஓடிவிட்டு வந்த கையோடு படிக்காதே.

வீட்டில் புதிதாக ஒன்றும் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அப்பா குளியலறைக் கதவைக் கழற்றி மாட்டுவதையே வேலையாக வைத்திருக்கிறார், நாலு தடவை மாட்டியும் அது சாத்த மாட்டேன் என்கிறது, கதவு சரியாத்தான் இருக்கு, சுவர்தான் கோணல் என்கிறார். நான் வழக்கம்போல மருத்துவமனைச் சமையலறைக்குப் போய் வருகிறேன். நீ ஓட ஆரம்பித்தபோது, கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க உட்கார்ந்து அடுத்தவர் கண்ணைச் சோதிக்கிற பெண் கொஞ்சம் ஓடினால் நல்லதுதானே என்று நானும் சந்தோஷப்பட்டவள்தான். பிறகுதான் உங்கள் ஓட்டக் குழுவில் அந்த பிசியோதெரபிஸ்ட் அம்மாள் வந்து சேர்ந்தார். காலுக்கு வைத்தியம் பார்க்க வந்தவர் எப்போது உன் சாப்பாட்டுக்குள் மூக்கை நுழைத்தாரோ தெரியாது, ஓடுவதற்கு முன்னால் வாழைப்பழம், ஓடி முடித்த கையோடு முட்டை, முந்தின நாள் ராத்திரிக்கு வேகவைத்த உருளைக்கிழங்கு, எதற்கெடுத்தாலும் அவங்க சொன்னாங்க, அவங்க சொன்னாங்க. சின்ன வயதில் ஒரு முட்டையை உனக்கு ஊட்ட நான் வீட்டை மூன்று சுற்றுச் சுற்றி வந்திருக்கிறேன், அவர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்ததும் முணுமுணுக்காமல் இரண்டு முட்டை உள்ளே போகிறது. போதாததற்கு, அவங்க எனக்கு அம்மா மாதிரிம்மா என்று என்னிடமே சொன்னாய். மாதிரி எதற்கு, அசல்தான் இங்கே அடுப்படியில் நிற்கிறேனே. இருபத்திரண்டு வருஷமாக நோயாளிகளுக்குச் சாப்பாடு அனுப்புகிறவள் நான். நீலச் சீட்டு சர்க்கரைக்காரருக்கு, மஞ்சள் சீட்டு என்றால் உப்பில்லாமல், சிவப்பு என்றால் குடிக்கிற ஆகாரம் மட்டும். சீட்டை நான் உரக்க வாசிக்க வேண்டும், எதிரில் நிற்பவள் திருப்பிச் சொல்ல வேண்டும், அதற்கப்புறம்தான் தட்டுக்கு மூடி போடுவோம். இத்தனை வருஷத்தில் ஒரு தட்டு மாறியதில்லை. ஊரில் உள்ளவர்கள் வயிற்றுக்கெல்லாம் நான் பொறுப்பு, நான் பெற்ற பெண்ணின் வயிற்றுக்கு மட்டும் யாரோ ஒருவர் சீட்டு எழுதுவாராம்.

சரி, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். லீவுக்கு வந்து இங்கே அந்த இருபத்தோரு கிலோமீட்டர் ஓட்டத்தில் ஓடினாயே, ஒரு வருஷமாகப் பயிற்சி எடுத்த ஓட்டம், வந்த அன்றே அவர் எழுதின சீட்டை ஃபிரிட்ஜில் ஒட்டினாய். என் ஃபிரிட்ஜில். தண்ணீராக ஓட்ஸ் கஞ்சி ஒரு கிண்ணம், ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு வாழைப்பழம், பால் கூடாது, வெண்ணெய் கூடாது, கொட்டை வகை எதுவும் கூடாது. வழக்கமாக ஒரு பழம்தான், இந்த முறை அவர் இரண்டாக்கியிருந்தார். ஓட்டத்தன்று விடியற்காலையில் நீ குளிக்கப் போனதும் அந்தக் கஞ்சியைக் கரண்டியால் அள்ளிப் பார்த்தேன், ஒழுகி ஓடுகிறது. பெண் கன்னம் ஒட்டிப்போய் வந்திருக்கிறாளே என்ற பரிதாபத்தில்தான் செய்தேன் என்று இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அது பாதிதான் நிஜம். என் கையால் சாப்பிட்டு நீ பிரமாதமாக ஓட வேண்டும், வந்ததும் அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டு, பார்த்தாயா என்று நான் கேட்க வேண்டும், மீதிப் பாதி இதுதான். பாதாம் ஒரு கைப்பிடி, வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, நைசாக அரைத்து, பாலை ஊற்றிக் கொதிக்கவிட்டு, ஒரு பெரிய கரண்டி வெண்ணெயும் போட்டுக் கலந்தேன். இன்னிக்கு நல்லாருக்கே, என்னம்மா போட்டே என்று நீ கேட்டாய். ஓட்ஸ்தான், கொஞ்சம் கூடுதலா வேகவச்சேன் என்று முகம் மாறாமல் சொன்னேன். நீ இன்னும் அரைக் கிண்ணம் வாங்கிக் குடித்தாய், எனக்குத் தலைகால் புரியவில்லை.

பதின்மூன்றாவது கிலோமீட்டரில் பெட்ரோல் பங்க் கழிப்பறைக்கு வெளியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த உன்னை அப்பா கூட்டிக்கொண்டு வந்தார். நீ அழுதாய், அந்த இரண்டாவது வாழைப்பழத்தைத் திட்டினாய், உங்க பேச்சைக் கேட்டு என் ஒரு வருஷ உழைப்பு போச்சு என்று அந்த அம்மாளுக்குச் செய்தி அனுப்பினாய். மன்னிச்சிரும்மா, தப்பு என் மேலதான் என்று அவர் பதில் போட்டதை என்னிடமே நீட்டிக் காட்டினாய். நான் கஞ்சிப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில், குழுவை விட்டு விலகிட்டேன், அவங்க முகத்துல இனி முழிக்க மாட்டேன், நீ சொன்னதுதான்மா சரி என்றாய். இதைக் கேட்கத்தானே மூன்று வருஷம் காத்திருந்தேன், காது குளிரக் கேட்டுவிட்டு அப்பாவையும் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டபடியே, அப்ப அங்க அவளுக்கு யார் இருக்கா என்று கேட்டார், அவ்வளவுதான், எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தனியாக ஓடுகிறாய், வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்கிறாய், பாதி வழியில் தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய், இத்தனையும் பேச்சோடு பேச்சாக நீயே சொன்னதுதான்.

மறுநாள் வார்டில் ஒரு சிவப்புச் சீட்டுப் பையனின் தலையணைக்கு அடியில் பொரித்த உருளைக்கிழங்கு டப்பா அகப்பட்டது, அவன் அம்மா கொண்டுவந்து ஒளித்து வைத்தது. பிடுங்கிக்கொண்டு திட்ட ஆரம்பித்தேன், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் பிள்ளைக்கு என்ன புடிக்கும்னு உங்க சீட்டுக்குத் தெரியுமா என்று கேட்டாள். டப்பாவோடு சமையலறைக்குத் திரும்பினேன். வீட்டுக்கு வந்து, அவசரத்துக்கு என்று நீ எப்போதோ எழுதி வைத்திருந்த அந்த பிசியோதெரபிஸ்ட் அம்மாளின் நம்பரைத் தேடி எடுத்துப் போன் செய்தேன், நடந்ததை எல்லாம் சொன்னேன். தெரியும்ங்க, கஞ்சி கெட்டியா வாசனையா இருந்துச்சுன்னு அன்னிக்கே அவ சொல்லிட்டாளே என்றார். பிறகு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். வருஷத்துக்கு ஒரு தரம்தான் வீட்டுக்கு வர்றா, அம்மா கையால சாப்பிட்டதை அவ தப்பா நினைச்சிடக் கூடாதுன்னு விட்டுட்டேன் என்றார்.

இதோடு என் பொறாமை தீர்ந்துவிட்டது என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். கூடித்தான் போயிருக்கிறது. என் மேல் விழ வேண்டிய உன் கோபத்தை அவர் வாங்கிக்கொண்டார், பெற்றவள் நான் பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்த்தேன். சமையலில் தோற்றிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. என் மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கோபித்துக்கொள், பேசாமல் இரு, பொறுத்துக்கொள்வேன், ஆனால் அந்தக் கோபத்தில் பட்டினி கிடந்து ஓடாதே. நூறு வயதுக்கு நோய்நொடி இல்லாமல், மூச்சு வாங்காமல் நீ ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அந்த அம்மாளைப் போய்ப் பார், மன்னிப்புக் கேள், அவர் என்ன கொடுக்கிறாரோ அதைச் சாப்பிடு. அம்மா அனுப்பித்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடு, அதுவாவது நான் கொடுத்ததாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா