சுரண்டிவிட்டுப் போட்ட ரோடு

பாலை அடுப்பில் வைத்துவிட்டு நிற்கிறேன், ஜன்னல் வழியே தார் வாசனை குப்பென்று வருகிறது. நம் சந்தில் ரோடு போடுகிறார்கள். ஓடிவந்து சொல்லலாமென்றால் பக்கத்து வீட்டில் நீ இல்லை.

ராயப்பேட்டைக்கு முதன்முதலில் நாம் குடிவந்த புதிதில் ரோடு போட்டபோது எப்படிக் கொண்டாடினோம்! ரோலர் ஓட்டியவருக்கு நீ மோர் கொடுத்தாய். சூடு ஆறுவதற்குள் கோலம் போட உட்கார்ந்து, முந்தானையெல்லாம் தார். "மாவு இன்னா பளிச்சுனு கீது பாருமே!" என்று கத்தினாய். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே ஜல்லியும் தாரும் கொட்டியிருக்கிறார்கள் என்பது நமக்கு எங்கே தெரிந்தது? ஐப்பசி மழையில் சாக்கடைத் தண்ணீர் நம் இரண்டு வீட்டு அடுப்படிக்கும் வந்துவிட்டது.

தரையை உயர்த்தினோம். ரோடு மறுபடி உயர்ந்தது. நாமும் விடவில்லை. கடைசியில் ஃபேன் தலையில் இடிக்கிற நிலைமை. "இன்னொரு வாட்டி போட்டா தவழ்ந்துகினுதான் சமைக்கணும்" என்று நீ சிரித்தாய். ஆனால் எந்த அதிகாரி வந்தாலும் விடமாட்டாய். "சுரண்டிட்டுப் போடு, அது ஒண்ணுதான் கேக்குறேன்." அதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தாய், பாவி.

போன வாரம் தார்க் கலவையோடு லாரி வந்தது. சுரண்டும் மெஷினைக் காணோம். "இந்த வாட்டியும் மேலயே போட்டா, வூட்டை வித்துடலாம்" என்றார் இவர். போய் லாரிக்கு முன்னால் நின்றேன். எப்போதும் உன் முதுகுக்குப் பின்னால் நின்றவள்தானே நான், லாரி பம்பரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"ஒதுங்கும்மா, கலவை ஆறிப்பூடும். அப்புறம் குப்பையிலதான் கொட்டணும்" என்றார் மேஸ்திரி.

"ஆறட்டும். மொதல்ல சுரண்டுங்க."

ஒவ்வொருத்தியாக வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார்கள். மேஸ்திரி யாருக்கோ போன் போட்டார், திட்டு வாங்கினார், லாரியைத் திருப்பினார். இரண்டு நாளில் மெஷின் வந்தது. சுரண்டச் சுரண்ட உன் வீட்டு வாசல்படி மண்ணோடு வெளியே வந்தது. உன் மருமகள், "இங்க படி இருந்துச்சா?" என்று வாயைப் பிளந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இவர் வீட்டை விற்கிற பேச்சையே எடுப்பதில்லை இப்போது.

பின் தெருக்காரிகள் வாசலில் நின்று கூப்பிடுகிறார்கள். நாளைக்கு அங்கே லாரி வருகிறதாம். போகப்போகிறேன். உன்னை மாதிரி கத்த எனக்கு வராது, ஆனால் நகர மாட்டேன்.