கிள்ளானுக்குப் போன எலுமிச்சை பற்றி, சரசுவுக்கு

என் தங்கமான சரசுவுக்கு,

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார். சொல்ல நிறைய இருக்கிறது, குறுக்கே பேசாதே. இருந்த காலத்தில் ஒரு நாளாவது என்னை முழுசாகப் பேசவிட்டிருக்கிறாயா?

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. போன வாரம் நம் எலுமிச்சை ஒரு கண்டெய்னர் மலேசியாவில், கிள்ளானில் இறங்கியது. இந்தத் தடவையும் காய் கெட்டிருந்தால் இனி வியட்நாம் காய்தான் என்று அங்கே நம்மிடம் வாங்கும் பாய் முடிவாகச் சொல்லியிருந்தார். அவரை விட்டால் நமக்கு வேறு ஆள் இல்லை என்பது உனக்கே தெரியும். திருவொற்றியூர் ஷெட்டைப் பூட்டிவிட்டு, பெட்டி கட்டும் பன்னிரண்டு பெண்களிடம் என்ன சொல்லி அனுப்புவேன்? இந்தப் பயத்தோடுதான் இரண்டு மாதம் ஓட்டினேன்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். நீ புளியங்குடிக்காரி, எலுமிச்சைத் தோட்டத்தில் பிறந்து திருவொற்றியூருக்கு வாழ வந்தவள். நான் ராயபுரத்துக்காரி. தோட்டமும் காயும் உன் பொறுப்பு. துறைமுகம், காகிதம், சண்டை எல்லாம் என் பொறுப்பு. என் வீட்டுக்காரரை நீ அண்ணன் என்று கூப்பிடப் போய், நான் உனக்கு மதினி ஆனேன். கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிற எனக்குத் திருநெல்வேலிப் பக்கத்து முறை ஒன்று கிடைத்தது.

பாயின் புகார் புதிதல்ல, நீ இருந்தபோதே வந்ததுதான். பெட்டியைத் திறந்தால் காயின் தோலில் பழுப்புப் புள்ளி. அப்போது அவருக்கும் வேறு வழியில்லை, முணுமுணுத்துக்கொண்டே விற்றுவிடுவார். இப்போது நம் பெட்டிக்குப் பக்கத்திலேயே வியட்நாம் பெட்டி நிற்கிறது. கொட்டை இல்லாத காய். ஒரே அளவு, ஒரே பச்சை, ஒரு புள்ளி கிடையாது. கொட்டை இல்லாத காயில் என்ன இருக்கிறது என்று நீ நக்கல் அடிப்பாய். பாய் போனில் சொன்னதைக் கேள்.

"உங்க காய் வாசனைக்கு அந்தக் காய் கிட்டயே வராது தங்கச்சி. ஆனா கடைக்கு வர்றவங்க மோந்தா பாக்குறாங்க? தோலைத்தான் பாக்குறாங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒருவரையும் விடவில்லை. எண்ணூர் ரோட்டில் லாரிகள் மணிக்கணக்கில் நிற்பதுதான் காரணம் என்றேன். அனல் மின் நிலையத்துச் சாம்பல் தூசு என்றேன். கப்பல்காரர்களுக்கு மெயில் மேல் மெயில். கடைசியாகத் துறைமுகத்துக் கண்டெய்னர் யார்டுக்கே போய், குளிர் கண்டெய்னர்களைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்கிடம் வழியில் நீங்கள் கரண்டை நிறுத்துகிறீர்கள் என்று கத்தினேன். அந்த ஆள் கோபப்படவில்லை. முந்தின மூன்று தடவை போன கண்டெய்னர்களின் குளிர்க் கணக்கை எடுத்து என் முன்னால் வைத்தார். கோடு ஒரே சீராகப் போயிருந்தது.

"பொட்டி நல்லாத்தான் கீது யக்கா. காய்தான் உள்ள வரும்போதே அடி வாங்கினு வருது. நீ அங்க போய்ப் பாரு."

வீட்டுக்கு வந்து, பாய் இதுவரை அனுப்பிய படங்களையெல்லாம் போனில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் புள்ளி, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில் காய் கழுவி வைத்தது போல இருந்தது. இந்த முறை சரக்கு பிரமாதம் என்று கீழே எழுதியும் இருந்தார். துக்க வீட்டுக்கு ஆறுதலாகச் சொல்கிறார் என்று அப்போது நினைத்தேன். இப்போது தேதியைப் பார்த்தேன். நீ கண்ணை மூடிய அந்த வாரத்துச் சரக்கு அது, சரசு.

நீ எப்படி வேலை வாங்குவாய் என்பது ஊருக்கே தெரியும். விடியுமுன்னே தோட்டக்காரர்களுக்குப் போன் போடுவாய். "பனி ஈரத்தோட பறிச்சாத்தான் மதினி காய்க்கு உசிரு. வெயில் ஏறிட்டுன்னா சவக்குன்னு போயிரும்" என்பாய். கோயம்பேட்டில் அந்தப் பளபளப்புக்குத்தான் மவுசு, நீ சொன்னதில் பொய் இல்லை. அன்றைக்கு உன் போன் போகவில்லை. சேதி தெரிந்து அழுதுவிட்டு, மத்தியானத்துக்கு மேல்தான் தோட்டத்தில் இறங்கினார்களாம். அன்றைய லாரி போய்விட்டது. காய் ஒரு ராத்திரி நிழலில் கிடந்து மறுநாள்தான் ஏறியது. உனக்குப் பால் ஊற்றிவிட்டு வந்த கையோடு நான்தான் அந்தப் பெட்டிகளைக் கட்டினேன். அழுகையில் எதையும் கவனிக்கவில்லை.

நம்ப மனசு வரவில்லை, சோதித்துப் பார்த்தேன். பனியில் பறித்தது ஒரு கூடை, வெயில் ஏறிப் பறித்து ஒரு நாள் ஆறப்போட்டது ஒரு கூடை. இரண்டையும் குளிர் அறையில் பத்து நாள் வைத்தேன். நீ மெச்சுகிற பனிக் கூடையில்தான் புள்ளி விழுந்தது. விவசாயக் கல்லூரியில் விசாரித்தேன். பனியில் காய் தண்ணீர் குடித்துத் திம்மென்று இருக்குமாம். அப்போது கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலும் தோலுக்குள் இருக்கும் எண்ணெய்ப் பை உடைந்து தோலையே சுட்டுவிடுமாம். உடனே தெரியாது, நாள் கழித்துத்தான் பழுப்பாகத் தெரியும். கோயம்பேட்டில் அதற்குள் காய் ஜூஸாகியிருக்கும். கிள்ளானுக்குப் போவதற்குள் நம் மானம் போய்விடுகிறது.

இதை உன் மகள் கனியிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. நீ போன பிறகு அந்த விடிகாலைப் போனை அவள்தான் போடுகிறாள், உன் போனிலிருந்தே. தோட்டக்காரர்கள் போனில் இன்னும் உன் பெயர்தான் வருமாம். அவள் உன்னோடு இருக்கிற நேரம் அது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன்.

"அப்போ அம்மா பண்ணது தப்பா அத்தை?"

"தப்புலாம் இல்ல கண்ணு. கோயம்பேட்டுக்கு அதான் கரீக்டு. கப்பல்ல போறதுக்குத் தாங்கல. உங்கம்மாவுக்கும் தெரில, எனுக்கும் தெரில."

இரண்டு நாள் என் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் பையோடு வந்து நின்று, புளியங்குடிக்கு எப்போது போகலாம் என்று கேட்டாள். அங்கே போனால் ஆளாளுக்குச் சண்டை. வெயிலில் யார் முள்ளுக்குள் கை விடுவது, ஒரு நாள் கிடந்த காயைப் பழசு என்று தள்ளிவிட மாட்டார்களா, சரசு இருந்தால் இப்படிச் சொல்வாளா என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்குமுன் கனியே பேசினாள். பனி காய்ந்ததும் பத்து மணிக்கு மேல் இறங்கிப் பறித்து, ஒரு ராத்திரி நிழலில் போட்டால் போதும், கிள்ளானுக்குப் போகிற காய்க்கு மட்டும் இப்படி, ஒரே ஒரு தடவை செய்து பாருங்கள் என்றாள். அசப்பில் உன் குரல். சரி, ஒரு தடவை பார்ப்போம் என்றார்கள்.

போன வாரம் பாய் கண்டெய்னரைத் திறந்து வீடியோ காலில் காட்டினார். மேல் பெட்டி வேண்டாம், அடியில் இருப்பதை எடுங்கள் என்றேன். எடுத்துக் கவிழ்த்தார். கனி என் கையை நசுக்கிவிட்டாள். புள்ளி இல்லை. வியட்நாம் காயைவிட நம்முடையது இன்னும் விலை கூடத்தான், அளவும் ஒன்றுபோல் இல்லைதான், அதையெல்லாம் பாய் மறக்காமல் சொன்னார். சொல்லிவிட்டு, மாதம் ஒரு கண்டெய்னர் அனுப்பச் சொன்னார். ஷெட்டில் இருந்த பெண்கள் எல்லாரும் உட்கார்ந்து அழுதார்கள். நானும்தான்.

இப்போது ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. நீ இருந்திருந்தால் இது நமக்குத் தெரிந்தே இருக்காது. தினமும் விடியலில் போன் போட்டு, தினமும் பனியில் பறித்து, ஒரு நாள் ஷெட்டைப் பூட்டியிருப்போம். ஆனாலும் நீ இருந்திருக்கலாம், சரசு. உன்னோடு சேர்ந்து தோற்பதென்றால் நான் சரி என்றிருப்பேன். பூட்டிய ஷெட்டுக்கு வெளியே நின்று, யார் செய்த தப்பு என்று சண்டை போட்டுக்கொண்டே பஸ் ஏறியிருப்போம்.

நீ இல்லையே. தனியாகத் தோற்க எனக்கு இஷ்டமில்லை. அடுத்தது அளவு. அதற்குப் பிறகு விலை. இன்னும் என்ன குறை சொல்கிறார்களோ அதையும் ஒவ்வொன்றாகத் தீர்ப்பேன். கிள்ளானில் வியட்நாம் பெட்டிக்குப் பக்கத்தில் நம் பெட்டி நிற்கும். கனியோடு சேர்ந்து நிறுத்தி வைப்பேன். இது சத்தியம்.

உன் அண்ணன் பெண்டாட்டி,
உன் மதினி பிலோமினா