கதவு திறந்ததா என்று கேளுங்கள்

போல்ட்டன், இங்கிலாந்து,
ஏப்ரல் 2, 1944

மதிப்புக்குரிய திருமதி பிளாக்கெட் அவர்களுக்கு,

வில்ஃபின் அம்மா ஹெட்டி ஹோரக்ஸ் எழுதுவது. தாங்களும் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். ரெஜி ஜெர்மன்காரர்களின் சிறைமுகாமில் உயிரோடு இருக்கிறான் என்று நீங்கள் எழுதிய கடிதம் வியாழக்கிழமை வந்தது. சந்தோஷப்பட்டேன். பொறாமையும் பட்டேன். ஒரே விமானத்தில் போன ஏழு பிள்ளைகளில் உங்கள் பிள்ளை மட்டும்தானா என்று வயிறு எரிந்தது. ஒரு தாயிடம் இன்னொரு தாய் இதை மறைப்பானேன்?

பிப்ரவரியில் எங்களுக்கு வந்த தந்தியில் வில்ஃபைக் காணவில்லை என்றுதான் இருந்தது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் என் கணவர் ஆல்பர்ட் இன்னும் மில்லுக்குப் போய்வருகிறார். ஓயாமல் பேசுகிற மனிதர். இப்போது சாப்பாடு போடவா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறார்.

வில்ஃப் ஆள் குள்ளம். இறைச்சிக் கடையில் வேலை பார்த்தபோது கொக்கியில் கறியை மாட்ட ஸ்டூல் போட்டு ஏறுவான். குண்டுவீச்சு விமானத்தின் வாலில் இருக்கிற துப்பாக்கிக் கூண்டுக்குள் அவனை உட்கார வைத்ததும் அதனால்தான். உள்ளே பாராசூட் வைக்கக்கூட இடம் இல்லையாம். முதுகுப் பக்கத்துக் கதவைத் திறந்து, விமானத்தின் உட்பக்கம் கையை நீட்டி எடுக்க வேண்டுமாம். "அம்மா, அங்க மூச்சு விட்டாலே ஐஸ்கட்டி ஆயிடுது" என்று அவன் சொன்ன பிறகு எனக்குத் தூக்கம் எப்படி வரும்? கம்பளி நூல் வாங்க ரேஷன் கூப்பன் மிச்சமில்லை. ஆல்பர்ட்டின் பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, இரட்டை நூலாகச் சேர்த்துத் தடிமனாக ஒன்று பின்னினேன்.

கிறிஸ்துமஸ் விடுப்பில் உங்கள் ரெஜியும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். வில்ஃப் அதைப் போட்டுக் காட்டியதும், "அடேய், இதோட போய் உக்காந்தா கதவுல மாட்டிக்குவ. நாங்கதான் காலப் புடிச்சு இழுக்கணும்" என்றான். "நீயா இழுக்கப் போற? மொத ஆளா குதிச்சு ஓடிருவியே!" என்றான் இவன். எல்லாரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். குத்திக்காட்ட இதை எழுதவில்லை, சகோதரி. ரெஜி குதித்ததுதான் சரி.

போன வாரம் படைத்தளத்திலிருந்து வில்ஃபின் சாமான்களை அனுப்பியிருந்தார்கள். சவரக்கத்தி, காலுறைகள், வெள்ளைச் சட்டை எல்லாம் இருந்தன. ஸ்வெட்டர் இல்லை. இரண்டு முறை கொட்டிப் பார்த்தேன். அப்படியானால் அன்றைக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போயிருக்கிறான்.

ரெஜிக்கு எழுதும்போது எனக்காக ஒரு வரி கேளுங்கள். கூண்டின் கதவு திறந்ததா? என் பிள்ளை வெளியே வந்தானா? பார்க்கவில்லை என்றால் அதையே எழுதட்டும். மாட்டிக்கொண்டு கூட இருந்தவர்களைக் கூப்பிட்டான் என்றால் அதையும் எழுதட்டும். அப்படி ஒரு பதில் வந்தால் ஆல்பர்ட் பெயருக்கு வேண்டாம், என் பெயருக்கு அனுப்புங்கள்.

முகாமில் ரெஜிக்குக் குளிர் தாங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஆல்பர்ட்டின் ஸ்வெட்டரைப் பிரித்த நூலில் ஓர் உருண்டை மீதி இருக்கிறது. பிள்ளைக்கு ஏதாவது பின்னி அனுப்பலாம் என்று நேற்று ஊசியைக் கையில் எடுத்தேன். என்னால் முடியவில்லை. தயவுசெய்து வேறு யாரையாவது பின்னச் சொல்லுங்கள். ஆண்டவர் அவனை நல்லபடியாக உங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
ஹெட்டி ஹோரக்ஸ்