முதலாளி அறைக்குப் போகும் வயர்

4.10.99, திங்கள்
மறுபடியும் அதே. காலையில் சுத்தம் செய்த டிசைன் செக்‌ஷன் கம்ப்யூட்டரில் மதியமே புழு. வைரஸாவது யாராவது ஃப்ளாப்பி போட்டால்தான் வரும். இது வயர் வழியாகத் தானே அடுத்த மெஷினுக்குப் போய்விடுகிறது. ஃபைலின் பெயரை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் தின்கிறது. பன்னிரண்டு மெஷினையும் ஒரே நாளில் நிறுத்தினால்தான் தீரும். சாஜிதாவின் இரண்டு வருடப் பெட்ஷீட் டிசைன்கள் அத்தனையும் இதில்தான் கிடக்கின்றன.

5.10.99
முதலாளியிடம் சொன்னேன். “நாலு லெட்டர் போனதுக்கு ஒரு நாள் ஆபீஸை நிறுத்தோணுங்களா அம்மணி? திருப்பி டைப் பண்ணிக்கலாம்” என்றார் ரங்கராஜ். தோட்டத்தில் ஒரு வாழைக்கு நோய் வந்தால் மட்டும் அன்றைக்கே கட்டையோடு தோண்டி எறிவார்.

9.10.99
ஏழு மெஷினுக்குப் பரவிவிட்டது. தலைவலி.

12.10.99
ஆயுத பூஜையன்று எப்படியும் எல்லாம் நிற்கும், பூஜைக்கு முன்னால் செய்துவிடுகிறேன் என்றேன். சரி என்றவர், “என்ற ரூம் மெஷின் வேண்டாங்க அம்மணி. நான் மட்டுந்தான் உக்கார்றேன், அதுல என்ன அழுக்கு?” என்றார். அவர் சட்டையை நான் மோந்து பார்த்துவிட்டதுபோல முகம். வருகிற மெயிலையெல்லாம் திறப்பதே அங்கேதான்! நானும் “சரிங்க” என்றேன். ஏன் சொன்னேன்?

18.10.99
விடியலில் சாஜிதாவும் வந்தாள். பதினொன்றும் முடிந்தது. பிறகு பூஜை. மானிட்டருக்கு மானிட்டர் சந்தனம், ஒரு ஃப்ளாப்பி டிரைவுக்குள் பொரி. தூ.

20.10.99
நேற்று விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து முதலில் தன் மெஷினை ஆன் செய்தார். இன்று சாஜிதாவின் ஃபைல்களில் பெயர் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. ஒன்றுகூட.
அவள் அழவில்லை. “நீயும் சரின்னுதானே சொன்ன, லோகு?” என்றாள். ஆமா, நான்தான் சொன்னேன். எம்மூஞ்சிய எனக்கே பாக்கப் புடிக்கல.
அவரோ, “சுத்தம் பண்ணியும் இப்படின்னா, பண்ணி என்ன பிரயோசனங்க?” என்கிறார்.

30.11.99
திரும்பப் பதினொன்றையும் சுத்தம் செய்து நாற்பது நாள். புழு வரவில்லை. சாஜிதா பழைய துணித்துண்டுகளைப் பார்த்து ஒவ்வொரு டிசைனாக மறுபடி வரைகிறாள். என்னோடு அவ்வளவாகப் பேசுவதில்லை.
இன்று சென்னிமலையிலிருந்து வந்த வியாபாரியிடம், நம்ம ஆபீஸில் பூச்சி கீச்சி ஒன்றும் கிடையாது என்று முதலாளி பெருமை அடித்துக்கொண்டிருந்தார். அவர் அறைக்குப் போகும் வயரை அக்டோபர் 21-ஆம் தேதியே உருவி என் மேஜை டிராயரில் போட்டுவிட்டேன். இன்றுவரை அவர் கேட்கவில்லை. மெயில் வருவது டெலிபோன் லைனில்; அந்த வயரில் அவருக்கு ஒரு வேலையும் இருந்ததில்லை.